மாப்பிள்ளையின் ஏரி

குழாய், குழாய்க்குப் பிடி, குளிக்கும் தொட்டி, கை கழுவும் தொட்டி, கழிப்பறைக் கோப்பை என்று தண்ணீர் வந்து போகிற வழிக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும், தண்ணீரைத் தவிர. முன்புறம் கண்ணாடி போட்ட பளபளப்பான கூடம், அங்கே முதலாளி. பின்புறம் ஜன்னல் இல்லாத கிடங்கு, அங்கே மாப்பிள்ளை.

முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் முதலாளி அவரை முறைப்படி 'மாப்ள' என்று கூப்பிட்டார். முதலாளி கூப்பிடுகிற பெயர்தானே கடைக்கும் பெயர்? கல்லாவில் உட்காரும் பெண், லாரிக்காரர், பாரம் இறக்குபவர்கள், குழாய் பொருத்த வரும் ஆட்கள், எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆனார். "மாப்பிள்ளை, முக்கால் இஞ்ச் எல்போ இருக்கா?" "மாப்பிள்ளை, இந்தக் கோப்பையில கீறல், மாத்திக் குடுங்க." கல்யாணத்தன்று ஒருநாள் சொகுசாகச் சுமந்து இறக்கி வைக்க வேண்டிய பட்டத்தை அவர் தலை நரைத்த பிறகும் சுமந்துகொண்டிருந்தார்.

மச்சான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மாப்பிள்ளையின் வாழ்க்கை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வேலை மச்சான் கொடுத்தது. கடைக்கு மேலே இருந்த மாடி வீடும் மச்சான் கொடுத்தது. வாடகை கிடையாது, அதனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கீழே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். மனைவியும், யோசித்துப் பார்த்தால், மச்சான் கொடுத்ததுதான். 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்று மரியாதைக்குக் குறைவே இருக்காது. மரியாதை முழுவதும் சொல்லில் செலவாகிவிடும்; குரலுக்கு மிச்சம் இருக்காது.

இந்த ஏற்பாட்டில் மாப்பிள்ளைக்கென்று சொந்தமாக ஒன்றே ஒன்று இருந்தது. ஓர் ஏரி.

பல வருடங்களுக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு விடுதிக்குச் சாமான் இறக்கப் போனபோது லாரி படுத்துவிட்டது. மெக்கானிக் வருவதற்குள் காலாற நடக்கலாம் என்று ஒற்றையடிப் பாதையில் ஏறியவர், மூச்சிரைக்க மேலே போய் நின்ற இடத்தில் அது கிடந்தது. மூன்று பக்கமும் பாறை, நடுவில் அசையாத தண்ணீர். வாரம் முழுக்கத் தண்ணீர் இல்லாத குழாய்களோடு குடித்தனம் நடத்துகிறவர், குழாயே இல்லாத தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்விடுவார். ரொட்டி, வேகவைத்த முட்டை, ஒரு புட்டி தண்ணீர். மேலே போய் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருவார். அங்கே அவர் செய்தது அவ்வளவுதான். எதுவும் செய்யாமல் இருக்க ஓர் இடம் கிடைப்பது லேசான காரியமா?

அடிவாரத்து டீக்கடை அம்மாவுக்கு அவர் யாருடைய மாப்பிள்ளை என்று தெரியாது. முதல் தடவை "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டாள், "ஏரிக்கு" என்றார். மறுவாரமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வாரத்திலிருந்து கேள்வியை விட்டுவிட்டு, "வாங்க ஏரிக்காரரே" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே, மழை பெய்து மலைக்குப் போக முடியாத ஞாயிறுகளில்கூட அவர் அந்த டீக்கடை வரைக்கும் போய் வந்ததுண்டு. ஏரியை யாரிடமிருந்தும் வாங்கவில்லை. பேரையும் யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

வீட்டில் அதற்கு வேறு பெயர். குடும்பம் கூடிச் சாப்பிடும் நாட்களில் மச்சான் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்பார்: "என்ன மாப்ள, குட்டை எப்படி இருக்கு? தவளையெல்லாம் சௌக்கியமா?"

"குட்டை இல்ல மச்சான். ஏரி. பெருசு."

"சரி, பெரிய குட்டை."

எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் கோபம் என்று ஆகிவிடும். மாடி வீட்டில் இருப்பவர் கோபப்படக் கூடாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டர், மச்சானின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நடங்க" என்று சொன்னார். அதே வாரம் வியாபாரிகள் சங்கத்தில் ஒரு பெயிண்ட் கடைக்காரர், தான் ஏதோ ஒரு மலை உச்சியில் நிற்கும் படத்தை எல்லோருக்கும் காட்டினார். டாக்டர் சொன்னதை விடப் பெயிண்ட் கடைக்காரர் காட்டியது நன்றாக வேலை செய்தது.

"அண்ணன் இந்த ஞாயித்துக்கிழமை உங்ககூட மலைக்கு வர்றாராம்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"எந்த மலைக்கு?"

"உங்களுக்கு எத்தனை மலை இருக்கு? அந்தக் குட்டை மலைக்குத்தான்."

"அவருக்கு ஒத்துக்காதும்மா. செங்குத்தான ஏத்தம்."

"நீங்களே ஏறுறீங்க. எங்க அண்ணன் ஏற மாட்டாரா?"

அன்றிரவு அவர் முதலில் வயிறெரிந்தார். வேலியில் போகிற ஓணானை யாராவது மடியில் எடுத்து விட்டுக்கொள்வார்களா? பிறகு வேறொன்று தோன்றியது. மலையில் கண்ணாடிக் கூடம் இல்லை, சுழல் நாற்காலி இல்லை. மச்சான் தன் காலால் ஏறி, தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "குட்டை இல்ல மாப்ள, ஏரிதான்" என்று ஒரு வார்த்தை. பாராட்டு வேண்டாம், நன்றி வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்தார். ஆசை எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஆபத்தானது.

ஞாயிறு காலையில் மச்சான் காரிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து டீக்கடை அம்மா வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டாள். விளிம்பு அகன்ற தொப்பி, மடக்குகிற கைத்தடி, பத்துப் பை தைத்த சட்டை, காலில் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்த பூட்ஸ். நடக்கும்போது அது புது வீட்டுக் கதவு மாதிரி சத்தம் போட்டது.

"புது ஷூ வேண்டாம்னு சொன்னேனே மச்சான். கடிக்கும்."

"இது கடிக்கிற விலை இல்ல மாப்ள."

மலை ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவரோ அவரை முன்னால் விடுவார்கள். பழகியவன் முன்னால் போனால் புதியவன் பின்தங்குவான். பின்தங்கினால் மனம் விடும். மனம் விட்டால் கால் விடும். மெதுவானவர் முன்னால் போனால் அவர் நடைதான் எல்லோருக்கும் நடை. வழி தெரிந்தவர் பின்னால் வந்து, விழுந்தால் பிடிப்பார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். மலைக்கு இரண்டும் செல்லாது.

"நீங்க முன்னாடி நடங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

"பின்ன? பின்னாடியா நடப்பேன்?"

ஏன் முன்னால் என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சோறு போடுகிறவரைப் பார்த்து, 'நீங்கதான் மெதுவு, அதனால முன்னாடி' என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் மரியாதைக்காகச் செய்த மற்றக் காரியங்களைப் போலவே இதுவும் பிற்பாடு வட்டியோடு திரும்பி வந்தது.

முதல் வளைவிலேயே மச்சானுக்கு இரைக்க ஆரம்பித்தது. நிற்கச் சொன்னால் ரோஷம் வரும். நிற்காவிட்டால் மயக்கம் வரும். அதனால் மாப்பிள்ளை பின்னாலிருந்து, "கொஞ்சம் நில்லுங்க மச்சான், எனக்கு மூச்சு வாங்குது," என்றார்.

மச்சான் உடனே நின்றார். கைத்தடியை ஊன்றி, வாயால் காற்றை விழுங்கியபடி, "என்ன மாப்ள... வாராவாரம்... வர்றீங்க... இதுக்கே மூச்சு வாங்குதா?" என்று நான்கு தவணையில் கேட்டார்.

"வயசாகுதுல்ல மச்சான்."

அடுத்த வளைவில் மாப்பிள்ளைக்குக் கால் வலித்தது. அதற்கடுத்ததில் ஷூ லேஸ் அவிழ்ந்தது. அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினார். ஒரு செடியைக் காட்டி, "இதைப் பாருங்க," என்றார். அது சாதாரணச் செடி, மச்சானும் அதை வெகுநேரம் பார்த்தார். இப்படியே ஏமாற்றி ஏமாற்றி ஏற்றத்தின் பாதி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். தன் பலவீனங்களை ஒவ்வொன்றாக இட்டுக்கட்டி, அவற்றின் மேல் படி வைத்து மச்சானை ஏற்றினார்.

பாதியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. புதியவர்கள் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மச்சானும் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் வழன்று சிவந்திருந்தது. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தலையில் முடி இவ்வளவு குறைந்துவிட்டதா என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"என்னால முடியல. கீழ போயிரலாம்." பிறகு, அந்தக் குரலில் அதுவரை கேட்டிராத ஒன்று. "வீட்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்க. தங்கச்சிக்குக்கூட."

மச்சான் இறங்கி வந்து கேட்ட முதல் உதவி. 'சரி மச்சான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏரி அவருடையதாகவே இருந்திருக்கும். மச்சான் ஆயுசுக்கும் குட்டையைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். வெற்றி பாறைமேல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் மனுஷனுக்கு வெற்றி மட்டும் போதுவதில்லை. தோற்றவரின் சாட்சிக் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. மேலே போகாமல் அந்த வாக்கியம் எப்படிக் கிடைக்கும்?

"இன்னும் கொஞ்சந்தான் மச்சான். கஷ்டமான இடமெல்லாம் தாண்டியாச்சு." இரண்டும் பொய். "என் ஷூவைப் போட்டுக்குங்க. பழசு, மெத்துன்னு இருக்கும். நமக்கு ஒரே அளவுதானே."

அளவு ஒன்றுதான். மச்சான் கழித்துப்போட்ட செருப்புகளை எத்தனையோ வருடமாகப் போட்டு வந்தவருக்கு அது தெரியாதா? இந்தத் தடவை புதுசு அவருக்கு வந்தது. கொஞ்ச தூரத்திலேயே அது தன் விலையை மறந்து கடிக்கத் தொடங்கியது. மச்சானின் பையையும் வாங்கித் தன் பையின் மேல் போட்டுக்கொண்டார். தன் புட்டியில் இருந்த தண்ணீரையும் மச்சானுக்கே கொடுத்தார். மெத்தென்ற ஷூவும் வெறும் தோளுமாக மச்சான் முன்னே போக, நொண்டிக்கொண்டு அவர் பின்னே போனார்.

கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் மச்சான் நின்றுவிட்டார்.

வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் பாதி நீலமும் பாதி கறுப்புமாக, மூடாமல் விட்ட கண் மாதிரிக் கிடந்தது. காற்று ஒரு கரையில் தொட, மறு கரைவரை சுருக்கம் விழுந்து போயிற்று. மச்சான் தொப்பியைக் கழற்றினார். மாப்பிள்ளை பின்னால் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியை அவர் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

மச்சான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு நாளா இதை எனக்கு ஏன் மாப்ள காட்டல?"

"சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன் மச்சான்."

"எங்க சொன்னீங்க? ஏரி, பெருசுன்னீங்க. இப்படிச் சொல்லணும்ல? உங்களுக்குச் சொல்லத் தெரியல." உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "தனியா வந்து தனியா பாத்துட்டுப் போயிருக்கீங்க. குடும்பம்னு இருக்கோம், ஒரு வார்த்தை கூப்பிடணும்னு தோணலயா?"

கேட்க வந்தவருக்குக் கிடைத்தது குற்றப்பத்திரிகை. அதற்குள் இளைஞர் கூட்டம் ஒன்று மேலே வந்து சேர்ந்தது. தொப்பியும் கைத்தடியுமாக முன்னால் நின்றவரிடம், "சார், இறங்குறதுக்கு வேற வழி இருக்கா?" என்று கேட்டார்கள். மச்சான் கைத்தடியால் நான்கு திசையையும் காட்டி விளக்கினார். பிறகு தன்னைப் படமெடுக்கச் சொன்னார். தண்ணீரோடு ஒன்று, பாறைமேல் கால் வைத்து ஒன்று, தூரத்தைப் பார்க்கிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். எடுத்தவர் படத்தில் இருப்பதில்லை.

இறங்கும்போதும் மெதுவானவர்தான் முன்னால். டீக்கடை அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்ன ஏரிக்காரரே, நொண்டுறீங்க?"

மச்சான் திரும்பிப் பார்த்தார். "யாரு? இவரா? ஏரிக்காரரா?" வயிறு குலுங்கச் சிரித்தார். "இவர் எங்க மாப்பிள்ளைம்மா. நம்ம கடையில கிடங்கைப் பாத்துக்கிறார். நல்ல மனுஷன். பாவம், ஏத்தம் ஒத்துக்கல." அவளும் சிரித்துவைத்தாள். வந்த கார் பெரிது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கதை அரங்கேறியது. "நான்தான் முன்னாடி. மாப்ள பின்னாடியே வந்தார். முதல் வளைவிலேயே 'நில்லுங்க மச்சான், மூச்சு வாங்குது'ங்கறார். நின்னேன். என்ன பண்றது, கூட்டிட்டுப் போயிட்டோம்ல? அப்புறம் கால் வலி. அப்புறம் லேஸ். போதாததுக்கு ரெண்டு குதிகாலும் கொப்புளம். கேளுங்களேன் அவரையே."

கேட்டார்கள். அவர் என்ன சொல்வார்? ஒன்றுகூடப் பொய் இல்லை. நின்றது உண்மை, லேஸ் உண்மை, கொப்புளம் காலிலேயே இருந்தது. பாறையில் நடந்ததை மட்டும் மச்சான் சொல்லவில்லை. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அவர்தானே, தன் வேண்டுகோளைத் தானே மதித்தார். மாப்பிள்ளையும் மதித்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்றார் மச்சான், தட்டிலிருந்து நிமிர்ந்து. "அது குட்டை இல்ல. ஏரி. மாப்ள சொல்றதைக் கேட்டா யாருக்கும் குட்டைன்னுதான் தோணும்."

கடைசியில் அந்த வாக்கியம் வந்தேவிட்டது. அதை அவர் குனிந்து சோற்றோடு விழுங்கினார்.

"அப்பா," என்று மாப்பிள்ளையின் மகள் அவரைக் கேட்டாள், "அடுத்த தடவை மாமா என்னையும் கூட்டிட்டுப் போவாராப்பா?"

மாடிக்கு வந்ததும் மனைவி அவர் குதிகாலில் மருந்து தடவினாள். பிரியமாகத்தான் தடவினாள். "பழக்கமில்லாத ஷூவை எதுக்குப் போடணும்? அண்ணனைப் பாருங்க, பழைய ஷூவைப் போட்டுட்டுப் போய் ராஜா மாதிரி வந்திருக்கார்."

பிறகு ஏரி வேகமாக வளர்ந்தது. மச்சான் பாறைமேல் கால் வைத்த படம் பெரிதாகி, கண்ணாடிக் கூடத்தில் குளிக்கும் தொட்டிகளுக்கு மேலே தொங்கியது. பெயிண்ட் கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டினார். மழைக்காலம் முடிந்ததும் வியாபாரிகள் சங்கம் குடும்பத்தோடு ஏரிக்குப் புறப்பட்டது. மச்சான் தலைமை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "மாப்ள, நீங்க கடைசியா வாங்க. தண்ணி, மருந்துப் பை எல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும். பின்னாடி நம்பகமான ஆள் ஒருத்தர் வேணும்," என்றார். அது சரியான ஏற்பாடுதான். அனுபவம் உள்ளவரைத்தான் கடைசியில் விட வேண்டும். அது அவருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பெயிண்ட் கடைக்காரரின் மனைவி பாதி வழியில் திரும்பி, "பாவம், ரொம்பக் கஷ்டப்படுறீங்களாண்ணே?" என்று விசாரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, வெகுநாள் கழித்து, அவர் பழையபடி ரொட்டியும் முட்டையுமாகத் தனியே பஸ் ஏறினார். அடிவாரத்தில் இறங்கினார். டீக்கடையில் புதிதாகப் பலகை மாட்டியிருந்தார்கள். சங்கம் வந்துபோன பிறகு வியாபாரம் கூடியிருந்தது. அந்த அம்மா அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மாப்பிள்ளை! சார் வரலையா?"

அவர் உட்காரவில்லை. டீயை நின்றபடியே பாதி குடித்தார். பாதையில் ஏறினார். தட்டைப் பாறை வந்தது. இத்தனை வருடத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை, அன்றைக்கு உட்கார்ந்தார். முட்டையை உரித்துத் தின்றார், ஓட்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார். மேலே பார்த்தார். காலில் வலி எதுவும் இல்லை. மூச்சும் வாங்கவில்லை. எழுந்து கீழே இறங்கினார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்து மனைவி ஆச்சரியப்பட்டாள். "என்னங்க, இவ்வளவு சீக்கிரம்? ஏரி எப்படி இருக்கு?"

"ஏரியா?" என்றார் அவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "குட்டைதான் அது."

அவள் வாசற்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. அண்ணன் காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவார்."